கூம்பின் கன அளவு: சரிவின் மேல் டேப் பிடிக்காதீர்கள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். அளவியல் பாடம் வந்தால் வருஷா வருஷம் நோட்டுகளில் அதே தவறுகள்தான். எல்லாமே ஒரு காலத்தில் நானும் செய்தவை. கூட்டல் பிழை, அலகு எழுத மறப்பது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை பிள்ளைகளுக்கே தெரியும்.

விட்டத்தை ஆரமாகப் போடுவது

விடை நான்கு மடங்காகிவிடும். கேள்வியில் விட்டம், ஆரம் எது வந்தாலும் அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சாயுயரத்தை உயரமாக எடுப்பது

சாயுயரம் என்பது அடி விளிம்பிலிருந்து உச்சி வரை சரிவின் நீளம். இதை உயரமாக எடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து மனையில் எம்சாண்ட் ஒரு குவியல் மிஞ்சிக் கிடந்தது. யூனிட் கணக்கில் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. கணக்கு தெரிந்தவன் என்று அளக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அடியைச் சுற்றி டேப் பிடித்தேன்: 44 அடி. அப்படியென்றால் ஆரம் 7 அடி. அப்புறம் அடியிலிருந்து உச்சி வரை சரிவின் மேலேயே டேப்பை ஓட்டினேன்: 8.6 அடி. 22/7 × 49 × 8.6, அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 441 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட். 4.4 யூனிட்டுக்குப் பணம் கொடுத்தாயிற்று.

கொத்தனார் பெட்டி பெட்டியாக அள்ளி முடித்தபோது இரண்டரை யூனிட்தான் தேறியது. யாரோ ராத்திரியில் அள்ளிப்போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நோட்டைப் புரட்டியபோது புரிந்தது. 8.6 அடி என்பது சாயுயரம். அதன் வர்க்கம் 73.96, அதில் ஆரத்தின் வர்க்கம் 49 போனால் 24.96, வர்க்கமூலம் கிட்டத்தட்ட 5. நிஜ உயரம் 5 அடி, மணல் 257 கன அடி. விற்றவர் மேல் குற்றமில்லை, அளந்தது நான்.

இந்தத் தவறு ஏன் தப்பித்துக்கொண்டே இருக்கிறது? வளைபரப்புக்குச் சாயுயரம், கன அளவுக்கு உயரம் என்று இரண்டு சூத்திரமும் ஒரே வாரத்தில் மனப்பாடமாகின்றன. தேர்வுக் கணக்கில் ஆரம் 5, சாயுயரம் 13 என்று கொடுப்பார்கள். உயரம் 12, சரியான விடை 314. 13-ஐப் போட்டால் 340. பார்வைக்குத் தப்பாகவே தெரியாது. கூம்பு ஒல்லியாக இருந்தால் இரண்டு உயரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மணல், நெல் போன்ற குவியல்கள் தாழ்ந்து பரந்தவை, அங்கேதான் அடி விழும்.

பத்து ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்குங்கள். அடுக்கைப் பக்கவாட்டில் மெல்லச் சரியுங்கள். ஓரத்துச் சரிவு நீண்டுவிட்டது, நாணயம் ஒன்றுகூடச் சேரவில்லை, உயரமும் மாறவில்லை. கன அளவுக்கு நேர் உயரம் மட்டும் ஏன் வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் காட்டுகிறேன்.

குவியலை அளக்கும்போது உச்சியில் ஒரு நீளக் கம்பை வைத்து, ரசமட்டம் பார்த்துப் படுக்கையாகப் பிடியுங்கள். குவியலைத் தாண்டி நீளும் நுனியிலிருந்து தூக்குக்குண்டு தரையைத் தொடும் வரை இறக்கி, அந்த நூலை அளங்கள். இரண்டு பேர் வேண்டும், ஐந்து நிமிஷ வேலை.

மூன்றில் ஒரு பங்கை மறப்பது

ஒரே வாய், ஒரே உயரம் உள்ள கூம்பும் உருளையும் அட்டையில் செய்து, கூம்பால் அரிசி அள்ளி உருளையில் கொட்டச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை நிரம்பும். கையால் ஒருமுறை கொட்டிய பிள்ளை பிறகு மறப்பதில்லை. கூம்பு உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்பதை நிறுவியவர் யூடாக்சஸ், நிரூபணமில்லாமல் முன்பே சொன்னவர் டெமாக்ரிட்டஸ், இருவரும் பழங்காலக் கிரேக்க அறிஞர்கள். இப்படி ஆர்க்கிமிடீஸ் எழுதியிருக்கிறார்.

பாதி உயரம் என்றால் பாதி என்று நினைப்பது

நுனி கீழே இருக்கும் கூம்பில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், இருப்பது எட்டில் ஒரு பங்கு.