சாணக் கேஸ் பைப்பைத் தின்பது எது?

பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரு லயத்துக்குப் பின்னால், சாண வாயு அடுப்பு எரியவில்லையென்று என்னைக் கூப்பிட்டார்கள். பைப் வளையும் இடத்து எல்போவைக் கழற்றியதும் கறுப்புத் தூளும் ஒரு கோப்பைத் தண்ணீரும் கொட்டின. "மட்டமான பைப்பு தம்பி, தடிப்பாப் போட்டிருக்கணும்" என்றார் வீட்டுக்கார ஐயா. பலரும் செய்யும் முதல் தவறு இது. இரும்புப் பைப் எவ்வளவு தடித்தாலும் அரிப்பு நிற்காது, ஓட்டை விழக் கொஞ்ச நாள் கூடப் பிடிக்கும்.

சாண வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். மிச்சத்தில் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு, கூடவே அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஐதரசன் சல்பைட்டு கொஞ்சம். உலர்ந்திருந்தால் இவை இரும்பை அவ்வளவாகத் தொடாது. தண்ணீரில் கரைந்ததும் இரண்டும் அமிலம்தான். நான் கண்ட கறுப்புத் தூள், சல்பைட்டு இரும்பைத் தின்ற எச்சம்.

தண்ணீரை யாரும் ஊற்றவில்லை. தாங்கியிலிருந்து ஈரத்தோடு வரும் வாயு, நம் மலைக் குளிரில் கிடக்கும் பைப்புக்குள் வியர்த்துவிடுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இரவில் பைப்பைத் தொட்டாலே விரல் விறைக்கும். வியர்த்த தண்ணீர் பள்ளத்தில் தேங்குகிறது, பைப் அங்கேதான் முதலில் உளுக்கிறது. தேயிலை மலையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டும் ஆளுக்கு வாட்டம், அதாவது சரிவு, சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஆள் கேஸ் பைப்பை மட்டும் கொடி மாதிரித் தொங்கவிடுவது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சீரான வாட்டம் கொடுத்து, தாழ்ந்த இடத்தில் ஒரு டீயும் (T வடிவ இணைப்பு) வடிகால் வால்வும் வையுங்கள். எண்ணெய் வயல்களிலும் இதே கதைதான்: வாயுவை, ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கோல் திரவத்தால் உலர்த்திய பிறகே நீளக் குழாயில் விடுகிறார்கள். ஈரம் தங்கினால் குழாயின் அடிப்பக்கம் அரிக்கும்.

பித்தளை வால்வும் வேண்டாம், செம்பு கலந்ததைச் சல்பைட்டு சும்மா விடாது. பி.வி.சி. நல்லது, ஆனால் வெயிலில் விடாமல் மண்ணுக்குள் புதையுங்கள்.

சிலர் துருப்பிடித்த இரும்புச் சுருளை வடிகட்டியாக வைக்கிறார்கள். சல்பைட்டைப் பிடிக்க நல்ல வழி. தவறு, பழைய சுருளைக் குப்பையில் வீசுவது. காற்றுப் பட்டதும் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். நனைத்து, கொட்டிலுக்குத் தூரமாக வெறும் மண்ணில் பரப்புங்கள்.

வடிகாலைத் திறக்கும்போது வாயுவும் சீறும். பீடியை அணைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் நின்று திறவுங்கள். நாற்றம் திடீரென்று நின்றால் வாயு போய்விட்டதென்று குனிந்து பார்க்காதீர்கள். சல்பைட்டு கூடினால் மூக்கு மரத்துப்போகும்.