மாடல் கட்டும் ஆசை வற்றியதாகத் தோன்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முன்பு போல மனம் ஒட்டவில்லை, மேசைப் பக்கமே போகத் தோன்றவில்லை" என்று பிளாஸ்டிக் விமானம், டாங்கி போன்ற மாடல் கட்டும் நண்பர்கள் சொல்லும்போது நான் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எந்த வேலையில் நிறுத்தினீர்கள்? விமானத்தின் உடற்பகுதியில் இணைப்புக்கோட்டைத் தேய்க்கும்போது என்பார் ஒருவர். விமானி அறையின் கண்ணாடி மூடிக்கு, வண்ணம் படாமல் மறைக்கும் மாஸ்கிங் டேப் வெட்டி ஒட்டும்போது என்பார் இன்னொருவர். டாங்கியின் சங்கிலிப் பட்டையைக் கண்ணி கண்ணியாகக் கோக்கும்போது, முதல் உலகப்போர் விமானத்தின் இரட்டை இறக்கைகளுக்கு நடுவே கம்பி இழுக்கும்போது என்றும் பதில் வரும். எஞ்சினுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது சலித்துப்போய் நிறுத்தினேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதிலிருந்து எனக்குத் தெரிவது, பெரும்பாலோருக்கு ஆசை அப்படியேதான் இருக்கிறது. வேலை மட்டும் ஓரிடத்தில் தேங்கி நிற்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல், "உற்சாகம் போய்விட்டது" என்று மொத்தமாக ஒரு பெயர் சூட்டி, அதற்கு மருந்து தேடப் போகும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

முதல் மருந்து எல்லோருக்கும் தெரிந்தது: புதிய கிட் (கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்குவது. பெட்டியின் மேல் அட்டைப் படம், உள்ளே பிளாஸ்டிக் உறையில் பாகங்கள் ஒட்டியிருக்கும் ஸ்ப்ரூ சட்டங்கள், நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் கொண்ட புதிய டீகால் தாள், இவற்றைப் பார்க்கும் சுகம் உண்மையானதுதான். ஆனால் அது வாங்கும் சுகம். கட்டும் சுகம் வேறு. இரண்டு நாளில் அந்தப் பெட்டியும் அலமாரியில் மற்றவற்றின் மேல் ஏறிவிடும். அடுக்கு உயர உயர, இத்தனையும் கிடக்கிறதே என்ற குற்ற உணர்வும் உயரும்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. நல்ல கிட்கள் பெரும்பாலும் ஜப்பான், இங்கிலாந்து, செக் போன்ற வெளிநாடுகளிலிருந்துதான் வரவேண்டும். விலையோடு சுங்கவரியும் அஞ்சல் செலவும் சேர்ந்துகொள்கின்றன. அவ்வளவு கொடுத்து வாங்கியதைக் கெடுத்துவிடக்கூடாது என்று, மிகவும் ஆசைப்பட்ட கிட்டை "கை தேறிய பிறகு பார்க்கலாம்" என ஒதுக்கிவைக்கிறோம். மேசையில் இருப்பதோ மலிவாகக் கிடைத்த, அவ்வளவாகப் பிடிக்காத ஏதோ ஒன்று. பிறகு ஏன் மேசைப் பக்கம் போகத் தோன்றும்? பிடித்ததை எடுத்து வையுங்கள். கை தேறுவதும் அதைக் கட்டும்போதுதான். காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது: பிளாஸ்டிக் பல ஆண்டுகள் தாங்கும், டீகால் தாங்காது. மஞ்சளாகும், வெடிக்கும்.

இரண்டாவது தவறு, சபதம். "பாதியில் நிற்பதை முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டேன்." கேட்க ஒழுக்கமாக இருக்கிறது. நடப்பது என்னவென்றால், அந்தப் பாதி மாடல் மேசை வாசலில் காவல் நிற்கிறது. அதைக் கடந்து போக முடியாமல் எல்லா வேலையும் நின்றுவிடுகிறது.

மிகப் பரவலாக ஆட்களைத் தடுக்கும் அந்த இணைப்புக்கோட்டையே எடுத்துக்கொள்வோம். விமானத்தின் உடல் பொதுவாக இடது, வலது என இரு பாதியாக வரும். ஒட்டியதும் நடுவில் ஒரு கோடு தெரியும். உண்மை விமானத்தில் அந்தக் கோடு பெரும்பாலும் கிடையாது, அதனால் மறைக்க வேண்டும். பள்ளம் நிரப்பும் டியூப் புட்டியைத் தடவுகிறோம். மறுநாள் 400 எண் உப்புத்தாள், பிறகு 800, தண்ணீர் தொட்டுத் தேய்க்கிறோம். விரலுக்கு வழவழப்பாக இருக்கிறது. பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்கிறோம். சாம்பல் நிறத்தில் அதே கோடு, மூக்கிலிருந்து வால்வரை. மறுபடி புட்டி, மறுபடி உப்புத்தாள், மறுபடி பிரைமர். மூன்றாம் சுற்றில் கோடு போவதற்குள் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டப் பக்கத்தில் செதுக்கியிருந்த நுண்கோடுகளும் தேய்ந்துவிட்டன. அவற்றை ஊசியால் திரும்பக் கீறவேண்டும். இந்த இடத்தில்தான் மாடல் பெட்டிக்குள் போகிறது.

இங்கே குறை மனதில் இல்லை, புட்டியில் இருக்கிறது. டியூப் புட்டியில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது புட்டி சுருங்கும். நிரப்பிய பள்ளம் மெல்லத் திரும்பிவரும். வழி இரண்டு உண்டு. ஒட்டும்போதே பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் நீர்மப் பசையைத் தாராளமாக விட்டு, இரு பாதிகளையும் அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கும். ஓரிரு நாள் நன்றாகக் காயவிட்டு அந்த வரப்பைத் தேய்த்தால் பெரும்பாலும் புட்டியே வேண்டியிருக்காது. அந்தக் கட்டம் தாண்டிவிட்டதென்றால் சூப்பர் க்ளூவைக் கோட்டில் ஓடவிட்டு, இறுகியதும் அன்றைக்கே தேய்த்துவிடுங்கள். அது சுருங்காது. ஆனால் நாள்கணக்கில் விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். தேய்க்கும்போது பிளாஸ்டிக் குழியும், பசை மேடாகவே நிற்கும்.

இப்படி ஒரு பெயருள்ள சிக்கலாகப் பார்த்தால் அதற்கு ஒரு பெயருள்ள தீர்வு இருக்கும். அதுவும் பிடிக்கவில்லையா, மாடலை எடுத்து ஓரமாக வையுங்கள், ஆனால் ஒரு துண்டுச் சீட்டோடு: "மூக்கின் அடியில் கோடு தெரிகிறது, அடுத்து சூப்பர் க்ளூ." ஆறு மாதம் கழித்து எடுக்கிறவருக்கு அந்தச் சீட்டு பெரிய உபகாரம். எங்கே விட்டோம் என்று தெரியாததாலேயே பல மாடல்கள் திரும்ப எடுக்கப்படுவதில்லை. முடிக்கவே முடியாது என்று தெரிந்துவிட்டால் அதை வண்ணம் பழகும் மாடலாக ஆக்கிவிடுங்கள். புதுப் பெயின்டைச் சோதிக்க அப்படி ஒன்று எப்போதும் தேவைப்படும்.

மூன்றாவது, துல்லியப் பைத்தியம். கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கைப் பலருக்கு வேலையாக மாற்றியது இதுதான். ஆலிவ் டிராப் என்ற ராணுவப் பச்சை இந்தச் சாயலா அந்தச் சாயலா என்று மாதக்கணக்கில் படிக்கிறார்கள். கிட்டில் வருவது போதாதென்று இருக்கைப் பட்டைக்குத் தனியாக வாங்கிய தகட்டுப் பாகம், விமானி அறைக்கு ரெசின் பாகம், சக்கரத்துக்கு இன்னொன்று. கண்ணாடி மூடியை ஒட்டியதும் உள்ளே இருப்பதில் பாதி கண்ணுக்கே தெரியாது.

டாங்கி மாடல்களின் அடிப்படை அளவாக இன்று உலகமே ஏற்றிருக்கும் 1/35 (உண்மை அளவில் 35இல் ஒரு பங்கு) எப்படி வந்தது என்பதை இவர்கள் நினைத்துப் பார்க்கலாம். ஜப்பானின் ஷிஸுவோகா நகரில் மரக்கடையாகத் தொடங்கிய தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் பாந்தர் டாங்கியைக் கிட்டாக வெளியிட்டது. மோட்டார் வைத்து ஓடும் பொம்மை அது. உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்கவேண்டும் என்று பார்த்து உடலின் அகலத்தை வைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது அது ஏறக்குறைய 1/35 ஆக இருந்தது. பேட்டரி தீர்மானித்த அளவு அது. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் 1953இல் வெளியிட்ட 1/72 ஸ்பிட்ஃபயர் போர்விமான கிட் வுல்வொர்த் கடைகளில் சிறுவர்களின் கைச்செலவுக் காசுக்குக் கிடைத்தது. இன்றைய கண்ணுக்கு அதன் வடிவம் சிரிப்பை வரவழைக்கும். அதைக் கட்டித்தான் ஒரு தலைமுறை இந்தப் பழக்கத்துக்குள் வந்தது.

கணக்கும் இதையே சொல்கிறது. 1/72 விமானத்தில் செதுக்கிய ஒரு கோடு 0.2 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மை அளவில் அது 14 மி.மீ. பிளவு. அப்படிப்பட்ட பிளவுகளோடு எந்த விமானம் பறக்கும்? மாடல் என்பது பார்வைக்கு ஒத்துவரும் பாவனை. பாவனையை ரசிக்கத் தெரிந்தவருக்குச் சலிப்பு குறைவு. மற்றவர் மாடலோடு ஒப்பிடும்போதும் ஒன்றைக் கவனியுங்கள்: திரையில் நீங்கள் பார்ப்பது பல மடங்கு பெரிதாக்கிய, நல்ல வெளிச்சத்தில் எடுத்த, பல படங்களில் தேர்ந்த ஒரு படம். உங்கள் மாடலை நீங்கள் பார்ப்பதோ ட்யூப்லைட் அடியில், அதன் எல்லாப் பிழைகளும் தெரிந்த கண்ணோடு.

கண் என்றதும் யாரும் யோசிக்காத ஒரு காரணத்தைச் சொல்லவேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் பலர் "பொறுமை போய்விட்டது" என்கிறார்கள். போனது பொறுமையாக இருக்காது, கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் திறனாக இருக்கலாம். சாளேஸ்வரம் என்கிற அந்த வெள்ளெழுத்து ஒரே நாளில் வருவதில்லை. செய்தித்தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சமாளிக்கலாம். இடுக்கியில் பிடித்த 2 மி.மீ. நெம்புகோலைத் தள்ளிப் பிடிக்க முடியாது. அரை மணியில் கண் எரியும், தலை கனக்கும், பாகம் எங்கோ தெறிக்கும். அதை மனம் சலிப்பு என்று எழுதிக்கொள்கிறது. கண் பரிசோதனை, தலையில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கி, நிழல் விழாதபடி இருபுறமும் விளக்கு. புதுக் கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தை இதில் போட்டால் பல பேருக்கு ஆசை தானாகத் திரும்பிவிடும். அதோடு 1/72ஐ விட்டு 1/48க்கோ 1/32க்கோ மாறுவதில் எந்த அவமானமும் இல்லை.

கருவி வாங்கினால் உற்சாகம் வரும் என்பதும் கிட் வாங்கும் கதைதான். குறிப்பாக, காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ். நல்ல கருவி, மறுப்பதற்கில்லை. ஆனால் 0.3 மி.மீ. துளை வழியே பெயின்ட் ஓடவேண்டுமென்றால் சரியாகக் கரைக்க வேண்டும், காற்றழுத்தம் பார்க்க வேண்டும், ஒவ்வொரு நிறத்துக்கும் பிறகு கழுவ வேண்டும். சின்ன இறக்கைக்கு வண்ணம் அடிக்கும் நேரத்தைவிடக் கழுவும் நேரம் கூடிவிடும். ஏற்கெனவே மேசைக்கு வரத் தயங்குகிறவர் முன்னால் இன்னொரு தடையை வைப்பதாக இது முடியும். திரும்பி வருகிற காலத்தில் தூரிகை போதும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். அக்ரிலிக் பெயின்ட் தூரிகை நுனியிலேயே காய்ந்து திட்டுத் திட்டாகும், ஸ்ப்ரூவிலிருந்து வெட்டிய குட்டிப் பாகம் கட்டிலுக்கடியில் போகும். சென்னையின் மழைக்காலத்தில் பளபளப்பு லாக்கரை அடித்து, அது வெளுத்துப் போனதும் தன் கையை நொந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். காற்றில் உள்ள ஈரம் செய்த வேலை அது. காய்ந்த நாளுக்குக் காத்திருப்பதே அதற்கு வைத்தியம்.

மேசையைப் பற்றி. தனி அறை இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். சாப்பாட்டு மேசையில் கட்டுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் எடுத்து, பரப்பி, மறுபடி அடுக்கவே அரை மணி போகும். "நேரம் கிடைக்கும்போது மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல உட்காரலாம்" என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடுவார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் வரும். ஓரம் உயர்ந்த பெரிய தட்டு ஒன்றில் நடப்பு மாடல், பாகம் வெட்டும் நிப்பர், கத்தி, பசை, இரண்டு தூரிகை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியிலிருந்து தட்டோடு எடுத்தால் வேலை தொடங்கிவிடும். பத்துப் பாகங்களை வெட்டி விளிம்பு தேய்த்தால் போதும், அன்றைய கணக்கு முடிந்தது.

சிற்றுருவப் படைவீரர்களுக்கு வண்ணம் தீட்டுகிறவர்களின் நோய் வேறு. முப்பது வீரர்களை வரிசையாக நிறுத்தி, முப்பதுக்கும் முதலில் தோல் நிறம், பிறகு முப்பதுக்கும் காலணி என்று போவார்கள். பல நாள் உழைத்தும் ஒருவன்கூட முடிந்திருக்க மாட்டான். ஐந்தைந்தாக முடியுங்கள். நடுவில் ஒரு தளபதியைத் தனியாக, ஆசை தீரத் தீட்டுங்கள்.

பசை, பெயின்ட் இரண்டுமே வெறுத்துப்போன நேரத்தில் ஜப்பானின் பண்டாய் நிறுவனத்தின் இன்றைய கண்டாம் ரோபோ கிட்கள் நல்ல மாற்று. பாகங்கள் நிறத்தோடே வரும், அழுத்தினால் பொருந்திவிடும். "அது சிறுபிள்ளை வேலை" என்று முகம் சுளிக்கும் டாங்கிக்காரர்களுக்கு நான் சொல்வது, ஒன்றைக் கட்டிப் பார்த்துவிட்டுச் சுளியுங்கள்.

கோபத்தில் எல்லாவற்றையும் விற்றுவிடுவதும் உண்டு. வேண்டாதவற்றை விற்பது நல்லதுதான், கருவிகளை மட்டும் விற்காதீர்கள். திரும்ப வாங்குகிறவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு பெட்டியைத் திறப்பவர்கள் அன்றே ஒட்டத் தொடங்குவது கடைசித் தவறு. முதலில் சரக்கைச் சோதியுங்கள். பசை கெட்டியாகியிருக்கும், எனாமல் டப்பாவில் தோல் படிந்திருக்கும். பழைய டீகாலில் தேவையில்லாத ஓர் எண்ணை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால் தாள் முழுவதிலும் டீகாலுக்கான திரவப் படலத்தைத் தடவிக் காயவிட்டுப் பயன்படுத்தலாம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு சின்னத்தையும் விளிம்பையொட்டித் தனித்தனியாக வெட்டவேண்டும், ஏனென்றால் படலம் தாள் முழுவதையும் ஒன்றாக்கிவிடும். மஞ்சளாகியிருந்தால் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். சில வாரத்தில் மஞ்சள் வெளுக்கும். டாங்கிப் பெட்டியாக இருந்தால் மென்மையான வினைல் சங்கிலிப் பட்டை மற்றப் பாகங்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சில வினைல்கள் ஆண்டுக்கணக்கில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால் அதைக் கரைத்துவிடும். சக்கரத்தில் பள்ளம் விழுந்திருக்கும். பட்டையைத் தனி உறையில் போட்டுவிட்டு, பள்ளம் விழுந்த சக்கரத்தைச் சங்கிலியின் மேல்பட்டைக்கு அடியில் மறையும்படி மாட்டலாம்.