துக்கத்தையும் பக்தியையும் சின்னமாக வரைவது எப்படி? நம்ம ஊர் நடுகல் காட்டும் வழி

மனசில் இருப்பதைப் படமாக்க உட்கார்ந்தால் கை தானாகத் தாமரைக்கோ ஓம் எழுத்துக்கோ போய்விடும். இரண்டும் கும்பிடத் தக்கவைதான். ஆனால் உங்கள் கதை அதில் இருக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேடியப்பன் என்று நாம் பொங்கல் வைத்துக் கும்பிடும் கற்களில் பல, மாடு மீட்கும் சண்டையில் செத்தவர்களுக்கு நட்ட நடுகற்கள். ஊர் தன் துக்கத்தையே சாமியாக்கிய இடம் அது. அங்கிருந்து தொடங்குவோம்.

முதலில் பாருங்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் தருமபுரி அகழ்வைப்பகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. மூன்று அடுக்குக் கல் ஒன்றின் முன்னால் நில்லுங்கள். கீழே சண்டை, நடுவில் வீரனை அழைத்துப் போகும் தேவ மகளிர், மேலே லிங்கத்தோடு வீரசொர்க்கம்.

பொருளைக் கண்டுபிடியுங்கள். 'துக்கம்', 'பயம்' என்று எழுதவே வேண்டாம். அந்த உணர்வோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருள் போதும். ஆயா போன துக்கம் என்றால், அவர் கேழ்வரகுக் களி கிண்டிய துடுப்பு. நுனி கறுத்து, பிடி வழவழப்பாகி, கிண்டிக் கிண்டி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்ந்த சரிவுதான் உங்கள் சின்னம். துடுப்பு அச்சாக வராவிட்டாலும் பரவாயில்லை, சரிவு வரவேண்டும்.

மூன்று அடுக்காகப் பிரியுங்கள். கீழே நடந்தது. நடுவில் உங்களைத் தாங்கியது: ஒரு ஆள், ஒரு வேண்டுதல், தினமும் ஏற்றிய விளக்கு, எதுவானாலும். மேலே அது போய்ச் சேர்ந்த இடம். மேல் அடுக்குக்கு எதுவும் தோன்றவில்லையா? காலியாகவே விடுங்கள். பொய்யாக ஒரு சூரியனை வரைவதைவிட அது எவ்வளவோ மேல்.

நிறம். செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். தெளிந்ததும் அடியில் படிந்த வண்டலைக் காயவைத்துப் பொடியுங்கள். கருவேலம் பிசின் 1 பங்கு, தண்ணீர் 2 பங்கு என்று ராத்திரியே ஊறவைத்து, காலையில் பொடியோடு குழையுங்கள். ஓரமாகத் தீட்டிக் காயவிட்டுத் தேய்த்துப் பாருங்கள்: விரலில் ஒட்டினால் பிசின் போதவில்லை, வெடித்தால் அதிகம். கறுப்புக்கு அடுப்புக்கரி, வெள்ளைக்குச் சாக்பீஸ் தூள். ஒரே நிறம் போதும் என்பவர்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லபாடியில் இருக்கும் பழங்காலப் பாறை ஓவியங்களை நினைத்துக்கொள்ளலாம், அவை வெள்ளையில் தீட்டியவை.

கெட்டி அட்டையில் வரையலாம். கிரானைட் பட்டறையில் மிஞ்சிய துண்டு கிடைத்தால் பாலிஷ் போடாத பின்பக்கத்தில் தீட்டுங்கள், பளபளப்பில் நிறம் நிற்காது. தயவுசெய்து பழைய ஓவியம் இருக்கும் பாறைகளில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த ஓவியம் பளிச்சென்று தெரிய அதன்மேல் தண்ணீர் ஊற்றுவதும் கெடுதல்தான்.

பூஜை அறையில் வைப்பதாக இருந்தால் நாலு பக்கமும் இரண்டு விரல்கடை விட்டு வரையுங்கள். குங்குமம், சந்தனம் எல்லாம் அந்த ஓரத்தோடு சரி. பிசின் நிறம் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.