சார்ள்ஸ் டி கோலின் ஆட்சிச் சிந்தனையைப் படிப்பது எப்படி

திருகோணமலையில் உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள், பிரான்ஸில் 1958 முதல் நடைமுறையிலுள்ள ஆட்சியமைப்பான ஐந்தாம் குடியரசைப் பற்றி எழுதும்போது, "பலமான ஜனாதிபதி" என்ற ஒரே தொடரில் அக்குடியரசின் நிறுவுநரும் முதல் ஜனாதிபதியுமான டி கோலை முடித்துவிடுவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். நமது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்தக் குடியரசின் ஆட்சிமுறையிலிருந்து முக்கியமான கூறுகளைப் பெற்றுக்கொண்டது. ஆகவே அவரை அரைகுறையாக அறிந்தவருக்கு நமது ஆட்சிமுறையும் அரைகுறையாகவே விளங்கும்.

அரசியலமைப்பின் உறுப்புரைகளிலிருந்து தொடங்க வேண்டாம். 1946 ஜூன் 16 அன்று பாயோ நகரில் அவர் ஆற்றிய உரையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். 1940 இல் சில வாரங்களுக்குள் பிரான்ஸ் வீழ்ந்ததைக் கண்ட ஒருவர், கட்சிகளின் இழுபறிக்கு மேலாக நின்று நாட்டின் தொடர்ச்சியைக் காக்கும் அரச தலைவர் வேண்டுமென்று அதிலே வாதிடுகிறார். எது சிறந்த அரசியலமைப்பு என்று கிரேக்கர்கள் கேட்டபோது, "எந்த மக்களுக்கு, எந்தக் காலத்துக்கு என்று முதலில் சொல்லுங்கள்" என்று அறிஞர் சோலன் பதிலளித்ததையும் அவ்வுரையில் நினைவூட்டுகிறார். அந்தக் கேள்வியைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வாசிக்கும்போது "அரசு", "அரசாங்கம்" என்ற இரு சொற்களையும் பென்சிலால் வேறுவேறாகக் குறித்துக்கொண்டு போவது நல்லது. அரசாங்கங்கள் வந்து போகும், அரசு நிலைத்திருக்க வேண்டும் என்பதே அவரது சிந்தனையின் நடுநாடி. ஐந்தாம் குடியரசுக்கு முந்திய நான்காம் குடியரசின் பன்னிரண்டு ஆண்டுகளில் (1946–1958) இருபதுக்கும் மேற்பட்ட அரசாங்கங்கள் மாறின என்பதை அறிந்தால், அந்த வேறுபாட்டை அவர் ஏன் இவ்வளவு வற்புறுத்தினார் என்பது புரியும்.

அதன் பின்னர் 1958 ஒக்டோபர் 4 ஆம் திகதிய அரசியலமைப்பில் 5 ஆம், 20 ஆம் உறுப்புரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். முதலாவது, ஜனாதிபதியை அரசு நிறுவனங்கள் ஒழுங்காக இயங்குவதை உறுதிசெய்யும் நடுவராக நிறுத்துகிறது. மற்றையது, நாட்டின் கொள்கையைத் தீர்மானித்து நடத்தும் பொறுப்பை அரசாங்கத்துக்குக் கொடுக்கிறது. இலங்கையிலோ ஜனாதிபதியே அரசின் தலைவராகவும் அரசாங்கத்தின் தலைவராகவும் இருக்கிறார். இந்த ஒரு வித்தியாசத்தை எழுதாமல் இரு நாடுகளையும் ஒப்பிடும் கட்டுரை, எவ்வளவு நீளமாக இருந்தாலும் நிறைவடையாது.

உறுப்புரைகளோடு நின்றுவிடவும் கூடாது. அரசியலமைப்பு என்பது ஓர் உயிர்க்கருத்தும் நிறுவனங்களும் ஒரு நடைமுறையும் சேர்ந்தது என்று 1964 ஜனவரி 31 அன்று பத்திரிகையாளர்களிடம் அவரே கூறினார். நடைமுறையைக் காண 1962 ஐப் பாருங்கள்: ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தெரிவுசெய்யும் மாற்றத்தை, பாராளுமன்றத்தின் பெரும்பான்மை எதிர்த்தபோதும், சர்வசன வாக்கெடுப்பின் மூலம் அவர் நிறைவேற்றினார். நடுவர் என்று எழுதப்பட்ட பதவி, ஆட்டத்தின் முதன்மை வீரராக மாறியது அங்கேதான் என்பது என் கருத்து. ஜனாதிபதி ஒரு பக்கமும் பாராளுமன்றப் பெரும்பான்மை மறுபக்கமும் ஆனால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரான்ஸின் 1986 ஐயும், இலங்கையில் 2001 முதல் 2004 வரை நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள்.

தேசிய விழுமியங்களைப் பற்றி எழுதும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. பிரிக்க முடியாத, மதச்சார்பற்ற, ஜனநாயக, சமூகக் குடியரசு என்று பிரான்ஸின் அரசியலமைப்பு தரும் வரையறையை மேற்கோள் காட்டி, டி கோலை மத்திய அதிகாரத்தின் காவலராக மட்டும் காட்டுவோர் பலர். அவர்கள் 1968 மார்ச் 24 அன்று லியோனில் அவர் பேசியதைப் படிக்கவில்லை. நாட்டின் ஒற்றுமைக்காகப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்ட மத்தியமயமாக்கல் இனி அவசியமில்லை என்றும், பிராந்தியங்களின் செயற்பாடே நாளைய பொருளாதார பலத்தின் ஊற்று என்றும் அங்கே அவர் கூறினார். பிராந்தியங்களை அமைக்கவும் பாராளுமன்றத்தின் மேல்சபையான செனட் சபையை மாற்றவும் 1969 ஏப்ரல் 27 அன்று மக்களிடம் கேட்டு, 52 வீதத்துக்கும் மேற்பட்டோர் மறுத்ததும், மறுநாள் நண்பகலோடு பதவியிலிருந்து விலகினார். விலகலை அறிவித்த அறிக்கை இரண்டே வாக்கியங்கள். அதை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். விளக்கமோ குற்றச்சாட்டோ அதில் இல்லை.

கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் நமது நகரிலேயே இருக்கிறது. அதன் பதவிக்காலம் 2017 இல் முடிந்த பின்னர் தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்ததைக் கண்ட வாசகருக்கு, லியோன் உரை ஏதோ தொலைநாட்டுச் செய்தியாகத் தோன்றாது. இப்போது கொப்பியின் முதற்பக்கத்துக்குத் திரும்புங்கள். சோலனின் கேள்வியில் "எந்த மக்களுக்கு" என்ற இடத்தில், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் திருகோணமலை மாவட்டத்தை வைத்து, உங்கள் பதிலைப் பென்சிலால் எழுதுங்கள். மற்ற இரு சமூகங்களிலிருந்தும் ஒருவர் வீதம் இருவரிடம் அதைக் காட்டி, அவர்கள் மறுக்கும் வரிகளைத் திருத்திய பிறகு பேனையால் எழுதிக்கொள்ளலாம்.