தொண்டர்களுக்கு முகாம் தகவல் அனுப்புவது எப்படி? (வாட்ஸ்அப், எஸ்எம்எஸ் இரண்டும்)

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் சுகாதார முகாம் நடத்தும் தொண்டு அமைப்புகளில் தகவல் அனுப்பும் வேலை பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில்தான் விழும். "உங்களுக்குத்தானே ஃபோன் நல்லா விளங்கும்" என்று சொல்லி ஒப்படைத்துவிடுவார்கள். எங்கள் குழுவில் அந்த ஆள் நான். உங்களுக்கும் இப்போதுதான் அந்த வேலை வந்திருக்கிறது என்றால், இது உங்களுக்கு. வாட்ஸ்அப் போடுவது, நம்பர் சேமிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பட்டியல்

பெயர், தேயிலைத் தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), நம்பர், வாட்ஸ்அப் உண்டா இல்லையா. இவ்வளவும் கூகுள் ஷீட்டில் இருந்தால் போதும். டிவிஷனை விட்டுவிடாதீர்கள். ஒரே தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து கீழ்ப்பிரிவுக்கு நடக்க ஒரு மணித்தியாலம் ஆகிற இடங்கள் உண்டு. முகாம் எந்தப் பிரிவில் என்று தெரியாமல் தொண்டர் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) போய் என்ன சொல்லுவார்?

படி 2: குரூப்பா, புரோட்காஸ்டா?

பலர் முதலில் புரோட்காஸ்ட் லிஸ்ட்டைத்தான் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் வசதி) பிடிப்பார்கள். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், பதில் உங்களுக்கு மட்டும் வரும், குரூப்பில் வருகிற காலை வணக்கப் பூ எதுவும் கிடையாது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் எங்கே என்றால், உங்கள் நம்பரைத் தன் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே புரோட்காஸ்ட் போய்ச் சேரும். நீங்கள் அவருடைய நம்பரைச் சேமித்திருப்பது போதாது, அவரும் உங்களுடையதைச் சேமித்திருக்க வேண்டும். சேமிக்காதவருக்குப் போகவில்லை என்று வாட்ஸ்அப் உங்களிடம் சொல்லவும் சொல்லாது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ'வைத் திறந்து பார்த்தால்தான் யார் யாருக்குச் சேர்ந்தது என்று தெரியும்.

மலையகத்தில் இது அடிக்கடி நடக்கும். ஒரு சிம்முக்குச் சிக்னல் எடுக்கிற லயத்தில் இன்னொரு சிம்முக்கு எடுக்காது, ஆட்கள் சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஃபோன் மாறினால் பழைய நம்பர்களும் போய்விடும். அதனால் என் சிபாரிசு வாட்ஸ்அப் கம்யூனிட்டி (பல குரூப்பை ஒன்றாகச் சேர்க்கும் வசதி). அதில் தானாக வருகிற அறிவிப்புப் பகுதியில் அட்மின் மட்டுமே எழுதலாம், உறுப்பினர்களின் நம்பரும் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. சாதாரண குரூப் என்றால் எல்லோருடைய நம்பரும் எல்லோர் கண்ணிலும் படும். கொழுந்து எடுக்கிற அக்காமாரும் தொண்டர்களாக இருக்கும் குழுவில் இது சின்ன விஷயமில்லை.

படி 3: செய்தியை எழுதுதல்

"நாளை" என்று எழுதவே எழுதாதீர்கள். டேட்டா முடிந்தவர் ரீலோட் போட்ட பிறகுதான் செய்தியைப் பார்ப்பார். அவர் பார்க்கிற நேரம் உங்கள் "நாளை" இன்றாகியிருக்கும். "அண்ணே, முகாம் இன்னைக்கா நாளைக்கா?" என்று கேட்டு ஃபோன் வரும். கிழமையும் திகதியும் சேர்த்தே எழுதுங்கள். இப்படி (பிள்ளைக்காம்பரா என்றால் தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையம்):

கண் பரிசோதனை முகாம்
ஞாயிறு, 14ஆம் திகதி, காலை 8.30
கீழ்ப்பிரிவு பிள்ளைக்காம்பரா
தொண்டர்கள் 7.30க்கு வரவும்
கிளினிக் கொப்பி, பழைய கண்ணாடி கொண்டுவரச் சொல்லவும்
கண்ணுக்கு மருந்து விட்டால் சில மணித்தியாலம் பார்வை மங்கும், துணைக்கு ஒருவர் வரட்டும்

கடைசி இரண்டு வரிகள்தான் முக்கியம். தொண்டர் வாசலில் நின்று சொல்லப்போவது அதைத்தான். வெறும் வயிற்றில் சீனி வருத்தம் (நீரிழிவு) பார்க்கிற முகாம் என்றால் குறைந்தது 8 மணித்தியாலம் சாப்பிடக்கூடாது, தண்ணீர் குடிக்கலாம். இந்தத் தகவல் முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே லயத்துக்குப் போயிருக்க வேண்டும். நான் மாலை 6 மணிக்கு மேல் அனுப்புவேன். பகலில் அனுப்பி என்ன பயன்? மலையில் நிற்கிறவர்கள் கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ஃபோனைத் தொடுவார்கள்.

போஸ்டர் படமாக மட்டும் அனுப்புவது எனக்குப் பிடிக்காது. டேட்டா தின்னும், சின்னத் திரையில் எழுத்தும் தெரியாது. வாய்ஸ் அனுப்பினால் கூடவே எழுத்திலும் அனுப்புங்கள், பிறகு தேடி எடுக்கலாம்.

நேரம் மாறினால் பழைய செய்தியை எடிட் பண்ணாதீர்கள். 15 நிமிடத்துக்குள் எடிட் பண்ணலாம், ஆனால் ஏற்கனவே படித்தவருக்கு மணி அடிக்காது. "திருத்தம்" என்று தொடங்கிப் புதுச் செய்தி போடுங்கள்.

அப்புறம், நோயாளியின் பெயர், கிளினிக் கொப்பியின் படம் எதுவும் இதில் வரக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாகத்தான் பார்க்கிறது.

படி 4: எஸ்எம்எஸ்

வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கும், அவசரமாக ரத்துச் செய்யும்போதும் இதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டால் முகாமைத் தள்ளிவைத்து, எல்லோருக்கும் எஸ்எம்எஸ் போடுங்கள்.

இங்கே எழுத்துக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் 70தான். அதைத் தாண்டினால் 67, 67 ஆகத் துண்டாகி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு போகும். ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் முழுச் செய்திக்கும் 70 கணக்குத்தான். இன்னொன்று: கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனியாக எண்ணப்படும். "முகாம்" கண்ணுக்கு மூன்று எழுத்து, கணக்கில் ஆறு.

"ஞாயிறு கண் முகாம் நடக்காது. காரணம் மழை. புது திகதி வியாழன் வரும்."

இடைவெளி, புள்ளியோடு சேர்த்து இது 65. ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கும். "அன்பார்ந்த தொண்டர்களே" என்று தொடங்கினால் அதற்கே 21 போய்விடும், மரியாதையை நேரில் காட்டிக்கொள்ளலாம்.

படி 5: சேர்ந்ததா என்று பார்த்தல்

ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒருவரிடம் "கிடைத்தது" என்று பதில் கேளுங்கள். இரவு 8 மணிக்குள் பதில் வராத டிவிஷனுக்கு நேரே கோல் எடுங்கள். எல்லோரிடமும் பதில் கேட்டால் யாரும் அனுப்பமாட்டார்கள், பெயர் சொல்லி ஒருவரிடம் கேட்டால் வரும்.

பின்சேர்க்கை: அலுவலகத்திலிருந்து வந்த அறிவித்தலை வேர்டில் கொப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். உங்கள் ஃபோனில் பிழை இல்லை. அது பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்தது. 'பாமினி யூனிகோட்' என்று தேடினால் இலவச மாற்றிகள் கிடைக்கும், ஒட்டி மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது அறிவித்தலில் ஆங்கிலத்தில் இருந்த சொற்கள் சிதைந்துபோகும். மருந்துப் பெயர்கள் இருந்தால் மூலத்தைப் பார்த்துக் கையால் தட்டுங்கள்.