3டி வீடியோவும் ஒரு அடிமட்டமும்

காலி முகத்திடலில் இரண்டு ஃபோன்களை ஒரு கட்டையில் பூட்டி எடுத்த 3டி வீடியோ வீட்டு ரீவியில் அருமையாக இருந்தது. அதையே வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் பெரிய திரையில் போட்டேன், பெரியம்மா இரண்டாவது நிமிடமே கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வீடியோ அதேதான், திரைதான் வேறு.

பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கும் இடையே சராசரியாக 6.3 சென்ரிமீற்றர். திரையில் ஒரு பொருளின் இடப்படமும் (இடக்கண்ணுக்கானது) வலப்படமும் (வலக்கண்ணுக்கானது) அவ்வளவு விலகி நின்றால் அது வெகு தூரத்தில் தெரியும். அதையும் தாண்டினால் கண்கள் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும், அந்த வேலை அவற்றுக்குப் பழக்கமே இல்லை. 1920 பிக்சல் அகல வீடியோவில் 40 பிக்சல் விலகல் என்பது 55 அங்குல ரீவியில் ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர், 6 மீற்றர் அகலத் திரையில் 12.5. ஆகவே பிக்சலை நம்பாதீர்கள். காட்டப்போகும் திரையிலேயே வீடியோவை நிறுத்தி, 3டி கண்ணாடி போடாமல், தூரத்துக் கப்பலின் இரண்டு பிம்பங்களுக்கும் இடையே அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள்.

கூடுதலாக இருந்தால் எடிட்டிங்கில் இடப்படத்தை வலப்பக்கமும் வலப்படத்தை இடப்பக்கமும் நகர்த்துங்கள். கப்பல் கிட்ட வரும், ஆனால் முன்னால் நிற்கும் இறால் வடை வண்டியும் திரையை விட்டு வெளியே வரும். கொஞ்சம் வந்தால் பரவாயில்லை. அதிகம் வந்தால் கண்கள் வண்டியை நோக்கி உள்ளே திரும்ப, ஃபோகஸ் மட்டும் திரையிலேயே நிற்க வேண்டியிருக்கும். நிஜத்தில் இரண்டும் சேர்ந்தே நகர்பவை என்பதால் சீக்கிரம் களைப்பு வரும்.

தூரத்துக் கப்பல், கிட்டத்து வண்டி இரண்டிலும் விலகல் மிஞ்சினால் தவறு படமெடுத்த இடத்தில். லென்ஸ்களுக்கு இடையிலான தூரம், மிகக் கிட்ட நிற்கும் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். என் கட்டையில் அது 15 சென்ரிமீற்றர், அப்படியென்றால் வண்டி குறைந்தது நாலரை மீற்றர் தள்ளி நின்றிருக்க வேண்டும். நான் இரண்டு மீற்றரில் நின்று எடுத்தேன்.

சரி, இதற்கெல்லாம் முன்னால் மேல்-கீழ் விலகலைச் சரிசெய்துவிடுங்கள், ஒரு கண்ணை மேலேயும் மற்றதைக் கீழேயும் திருப்ப நம்மால் முடியாது, சிறு பிசகே தலையிடி தரும். படம் பிடிக்கத் தொடங்கியதும் ஒருமுறை கைதட்டுங்கள், பிறகு அந்தச் சத்தத்தை வைத்து இரண்டு வீடியோக்களையும் பொருத்தலாம். ஒரு ஃபிரேம் பிந்தினாலும் குறுக்கே பறக்கும் பட்டம் இல்லாத தூரத்தில் போய் நிற்கும்.

பார்க்க வருவோரில் சிறுவர்கள் இருந்தால் கப்பலின் விலகலை 5 சென்ரிமீற்றருக்குள் வையுங்கள், அவர்களின் கண் இடைவெளி இன்னும் சிறியது.