ஸ்டீயரிங் கேபிள் மாற்றப் போகிறீர்களா?

என்னுடையது 16 அடி ஃபைபர் படகு, பின்னால் பழைய அவுட்போர்டு எஞ்சின். ஒருநாள் முகத்துவாரத்துக்குக் கிட்டே வீல் மட்டும் சும்மா சுற்றியது, எஞ்சின் அசையவில்லை. துடுப்பு இருந்ததால் கரை சேர்ந்தேன்.

புதிய கேபிளின் நீளம் பழைய உறையிலேயே அச்சாகியிருக்கும். அழிந்திருந்தால், ரோட்டரி வகைக்கு (வீலுக்குப் பின்னால் வட்டமான பல்சக்கரப் பெட்டி இருப்பது) வெளியுறையை மட்டும் அளந்து 18 அங்குலம் கூட்டுங்கள். ரேக் வகைக்கு (நேரான பல்கம்பி இருப்பது) 30 அங்குலம். வரும் கணக்கை அடுத்த முழு அடிக்கு ஏற்றி வாங்குங்கள்.

எஞ்சினோடு சேர்க்கும் லிங்க் கம்பியையும் டில்ட் டியூப் (கேபிளின் கம்பி முனை நுழையும் எஞ்சின் குழாய்) ஓரத்துப் பெரிய நட்டையும் கழற்றினால் கேபிள் வந்துவிடும் என்று நினைத்தேன். எங்கே வந்தது? உள்ளே கிரீஸ் காய்ந்து, ஆறிப்போன வெல்லப்பாகாய் இறுகியிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்தேன். அப்புறம் மரக்கட்டையை வைத்துத் தட்டத் தட்ட நகர்ந்தது. பெட்ரோல் பக்கத்தில் இருக்கிறது, நெருப்புக் காட்டிச் சூடாக்க வேண்டாம்.

வீல் பக்க முனையைக் கழற்றி, அதில் நைலான் கயிறு கட்டிவிட்டுப் பின்பக்கமாக உருவுங்கள். புதுக் கேபிளை அதே கயிறு இழுத்துக்கொண்டு போகும். கேபிளை எங்கேயும் குறுகலாக வளைக்காதீர்கள்.

டியூபை உருண்டை பிரஷால் பளிச்சென்று தேய்த்து, மெரைன் கிரீஸ் பூசிய பிறகே புதுக் கேபிளின் கம்பி முனையை நுழைக்க வேண்டும். லிங்க் கம்பிக்குப் பழைய லாக் நட்டை (அதிர்வில் கழலாத நட்டு) போடாதீர்கள், புதிதுதான். கடைசியாக, எஞ்சினைத் தூக்கியும் இறக்கியும் வீலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.